3, 5, 7, 9: பெயர் சூட்டும் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
லேப்டாப் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய ஒரு தகப்பன்,
சென்னை.

பெறுநர்:
பெயர் சூட்டும் பிரிவினர்,
இன்டெல் மற்றும் ஏஎம்டி நிறுவனங்கள்,
சாண்டா கிளாரா, கலிபோர்னியா.

பொருள்: பிராசசர்களுக்கு எண் வழங்குதல் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

ஐயா, அம்மையீர்,

உங்கள் இரு நிறுவனங்களின் தலைமையகமும் ஒரே ஊரில் இருப்பதால், தபால் செலவை மிச்சம் பிடிக்க இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சந்தையில் நீங்கள் பரம வைரிகள் என்று கேள்வி. பெயர் வைக்கும் விஷயத்தில் அப்படித் தெரியவில்லை.

முதலில் பாராட்டு. 2008இல் இன்டெல் கோர் ஐ7 வந்தது. மறு ஆண்டு ஐ5, 2010இல் ஐ3, 2017இல் ஐ9. அதே 2017இல் ரைசனைத் தொடங்கிய ஏஎம்டியும் 3, 5, 7 என்றே அடுக்கியது. எங்கள் பக்கத்து நிச்சயதார்த்தங்களிலும் சீர்த்தட்டை ஒற்றைப்படையில்தான் வைப்போம். சம்பந்தி வீட்டார் தட்டுகளை எண்ணுவார்களே தவிர, மேலே போர்த்திய துணியை விலக்கிப் பார்க்க மாட்டார்கள். இந்தச் சூட்சுமம் உங்களுக்கு எப்படிப் பிடிபட்டது என்பதுதான் என் வியப்பு. நான் துணியை விலக்கிப் பார்த்துவிட்டேன். அதனால் வந்தது இந்தக் கடிதம்.

2022இன் ஐ5-1235யு, ஐ7-1255யு என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பெரிய கோர் 2, சிறிய கோர் 8. இரண்டிலும் கேஷ் 12 எம்பி. உச்ச வேகம் ஒன்றில் 4.4 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 4.7. கிராபிக்ஸில் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான், 5 என்பது 7 ஆகிவிட்டது. இந்த 0.3 கூடியதால் கல்லூரிக்குப் போகும் என் மகள் அசைன்மென்ட்டை ஒரு நாள் முன்னதாக முடித்துவிடுவாள் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

7 என்பது 5க்குக் கீழே போகும் அதிசயமும் உங்களிடம் உண்டு. இன்டெல்லின் கோர் அல்ட்ரா 7 155யு என்பதில் பெரிய கோர் 2. கோர் அல்ட்ரா 5 125எச் என்பதில் 4. முன்னது 15 வாட்டுக்கு வடிவமைத்தது, பின்னது 28 வாட்டுக்கு. அதாவது கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை எழுத்து, முன்னால் கொட்டை எழுத்தில் நிற்கும் எண்ணைத் தோற்கடிக்கிறது. ஸ்டிக்கரில் எண்தான் பெரிதாக இருக்கிறது. எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது வாடிக்கையாளரின் கடமை. 2016இன் ஐ7-7500யு வாங்கியவர்களின் நிலைமை இன்னும் பரிதாபம். அதில் 2 கோர். அடுத்த ஆண்டே 4 கோருடன் ஐ5-8250யு வந்து நின்றது.

ஏஎம்டி பிரிவினர் சிரிக்க வேண்டாம். 2023 லேப்டாப்களுக்கு நீங்கள் வகுத்த முறையில் முதல் இலக்கம் ஆண்டைச் சொல்லும், மூன்றாம் இலக்கம் உள்ளிருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். அதன்படி ரைசன் 5 7520யு என்பது 2019இல் வந்த ஜென் 2. 7530யு என்பது 2020இன் ஜென் 3. 7540யு என்பது 2022இன் ஜென் 4. மூன்றும் ரைசன் 5, மூன்றும் ஏழாயிரத்துச் சொச்சம், மூன்றும் அந்த ஆண்டின் புதுச்சரக்கு. முதலாவதில் 4 கோர், மற்ற இரண்டில் 6 என்பதை எந்த இலக்கமும் சொல்லவில்லை.

இதைக் கண்டு பொறுக்காத இன்டெல், 2023 டிசம்பரில் ‘கோர் ட்ரூத்ஸ்’ என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. பழைய சரக்குக்குப் புதுப் பெயரா என்று 7520யுவைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தது. நியாயமான கோபம். கொஞ்ச நாளில் அந்த ஆவணம் தளத்திலிருந்து காணாமல் போனது. அடுத்த மாதம் இன்டெல்லின் கோர் 7 150யு வந்தது. பெயர் புத்தம் புதியது, உள்ளே இருந்தது முந்தைய ஆண்டின் 13ஆம் தலைமுறை வடிவமைப்பு.

பென்டியம், செலரான் என்ற பழைய பெயர்களுக்கு 2023 லேப்டாப்களில் விடைகொடுத்து, அந்த இடத்துக்கு ‘இன்டெல் பிராசசர்’ என்றே பெயர் வைத்தீர்கள். அன்று உங்கள் பிரிவுக்கு விடுமுறை போலும். நீங்கள் வைத்ததிலேயே பொய் இல்லாத பெயர் அதுதான்.

2024இல் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையையும் சொல்லியாக வேண்டும். அல்ட்ரா 5 தொடங்கி 9 வரை எல்லாவற்றிலும் 8 கோர்தான். 256வி என்றால் ரேம் 16 ஜிபி, 258வி என்றால் 32. வாங்குபவருக்கு நேரடியாக உதவும் ஒரே இலக்கம் அந்தக் கடைசி இலக்கம். அதை எவர் கண்ணிலும் படாத இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

ஏஐ ஸ்டிக்கருக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் கோர் அல்ட்ராவோடு ‘ஏஐ பிசி’ வந்தது. ஆறு மாதம் ஆவதற்குள் மைக்ரோசாஃப்ட் ‘கோபைலட் பிளஸ் பிசி’ என்றது. அதற்குத் தகுதி பெற, ஏஐ கணக்குகளுக்கென்றே சிப்பில் இருக்கும் என்பியு என்ற பகுதி நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போட வேண்டும். முதல் கோர் அல்ட்ராவின் என்பியு போடுவது சுமார் 11 லட்சம் கோடி. ஸ்டிக்கரின் பசை காயுமுன்பே பட்டம் போய்விட்டது. அந்த நிபந்தனையில் ஒரு புண்ணியமும் இருந்தது: குறைந்தது 16 ஜிபி ரேம் வேண்டும் என்றார்கள்.

கடைக்காரத் தம்பியிடம் இதையெல்லாம் கேட்டேன். “சார், பாப்பா கம்ப்யூட்டர் சயின்ஸா? அப்போ செவன் எடுத்துருங்க. அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்” என்றார். அவர் காட்டிய 7இல் ரேம் 8 ஜிபி, அதுவும் மதர்போர்டோடு பற்றவைத்தது. பக்கத்திலேயே 16 ஜிபியோடு ஒரு 5, விலையும் குறைவு. “அது பேசிக் மாடல் சார்” என்றார். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் கொடுத்த பாடத்தைத்தான் அவர் ஒப்பிக்கிறார்.

வீடியோ எடிட்டிங், 3டி, பெரிய மென்பொருளை கம்பைல் செய்வது போன்ற வேலைகளுக்கு 7, 9 தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கும் கனமான மெஷினும் நல்ல ஃபேனும் வேண்டும். ஒரே சிப்புக்கு எத்தனை வாட் ஊட்டுவது என்பதை லேப்டாப் செய்யும் நிறுவனம் தீர்மானிக்கிறது. ஒல்லி உடம்பில் அடைத்த 7, சூடு ஏறியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரவுசரும் ஸ்ப்ரெட்ஷீட்டும் பைத்தானும் ஓட்டும் பிள்ளைக்கு அண்மைக்கால 5 தாராளம்.

எனவே தாழ்மையுடன் கோருவது:

1. சிப்பின் வடிவமைப்பு எந்த ஆண்டில் முதலில் வந்தது என்பதை ஸ்டிக்கரில் அச்சிட வேண்டும்.

2. பெரிய கோர் எத்தனை, சிறிய கோர் எத்தனை என்று தனித்தனியே சொல்ல வேண்டும்.

3. யு, எச் எழுத்துகளை 5, 7க்கு நிகரான அளவில் அச்சிட வேண்டும்.

4. குறிப்பிட்ட லேப்டாப்பில் அந்தச் சிப் நீடித்து எத்தனை வாட்டில் ஓடும் என்பதையும், ரேம் பற்றவைத்ததா மாற்றக்கூடியதா என்பதையும் குறிப்பிடும்படி லேப்டாப் நிறுவனங்களுக்கு அறிவுறுத்த வேண்டும்.

இந்த நான்கும் ஸ்டிக்கரில் வந்துவிட்டால் 3, 5, 7, 9க்கு வேலையே இருக்காது என்பது தங்களுக்கும் தெரியும். ஆகவே இம்மனு நிராகரிக்கப்படும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, 7க்கும் 5க்கும் உள்ள விலை வித்தியாசத்தை ரேமிலும் எஸ்எஸ்டியிலும் போடுவதென்று எங்கள் வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியுள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
5ஆம் நிலை வாடிக்கையாளர்.

நகல்:
1. மைக்ரோசாஃப்ட், ஸ்டிக்கர் பிரிவு – தகவலுக்காக.
2. கல்லூரி முதலாண்டு மாணவர்களின் பெற்றோர் – உடனடி நடவடிக்கைக்காக.