ஊட்டுக்குப் பின்னால காரு

மாப்ள, நீ போன்ல அனுப்புன படமெல்லாம் பாத்தேன். நீ வாங்குன ஊட்டுவண்டி 35 அடி நீளம். உள்ளார கட்டிலு, சோபா, மூணு அடுப்பு, ஃப்ரிட்ஜு, கக்கூஸு. பொத்தான அமுக்குனா ஒரு பக்கத்துச் செவுரே வெளிய நீளுது. உங்கத்தை மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்துட்டு, "இதுக்குப் பத்திரம் எழுதோணுமா, ஆர்.சி. புக்கு வாங்கோணுமா?"ன்னு கேக்கறா. எனக்குப் பதில் தெரியல. கடன் எத்தன வருசத்துக்குன்னு சொன்னயின்னா அத வெச்சு முடிவு பண்ணிக்கலாம்.

வாங்குனது வாங்கிட்ட, சந்தோசம். கடைசிப் படத்துலதான் ஒரு சங்கதி. அத்தாம் பெரிய ஊட்டுக்குப் பின்னால உன் காரும் தொத்திக்கிட்டு வருது. பால் வாங்கோணும்னா 35 அடி ஊட்டோட கடைக்குப் போக முடியாதே, அதுக்காகவாம். எங்கய்யன் சந்தைக்குப் போறப்ப வண்டிக்குப் பின்னால கன்னுக்குட்டியக் கட்டி ஓட்டிக்கிட்டுப் போவாரு, அந்த மாதிரிதான். என்ன, வண்டி நின்னா கன்னுக்குட்டி தானா நின்னுக்கும். உன் காருக்கு நிக்கத் தெரியாது. நான் சொல்லப் போறது பூராவும் சுத்திச் சுத்தி இங்கதான் வரும், இப்பவே சொல்லிப் போட்டேன்.

நம்மூருல லாரி ஸ்டேரிங்கத் தொடறதுக்கு முன்னால சின்ன வண்டி லைசென்சு எடுத்து ஒரு வருசம் ஆகியிருக்கோணும். அதுக்கும் முன்னால கிளீனரா இருந்து டிரைவர்கிட்ட வாங்குற பேச்சு தனி. உங்க கலிபோர்னியாவுல 40 அடி வரைக்கும் ஊட்டுவண்டிய சாதாக் கார் லைசென்சுலயே ஓட்டலாமாம். 40ஐத் தாண்டுனாத்தான் தனிப் பரிட்சை. நீ 35 அடியோட ஆசைய நிறுத்திக்கிட்டதுக்குக் காரணம் காசா, பரிட்சையான்னு நான் கேக்கல.

உன் பொண்ணு கெட்டிக்காரி. வண்டியோட குடுத்த புத்தகத்த அவதான் வீடியோ கால்ல எனக்கு வாசிச்சுக் காட்டுனா. அந்தப் பிளாஸ்டிக் உறையப் பிரிச்சதே அவதானாமே? போச்சாது. கார் புத்தகத்தயும் எடுத்துட்டு வரச் சொன்னேன். நாலு சக்கரமும் தரையில உருள இழுத்துக்கிட்டுப் போலாமான்னு அதுலதான் எழுதியிருக்கும். எல்லாக் காரையும் அப்பிடி இழுக்க முடியாது மாப்ள. ஆட்டோமேட்டிக் கியருல எண்ணெயச் சுத்த வெக்கற பம்பு எஞ்சின் ஓடுனாத்தான் ஓடும். எஞ்சின அணைச்சுப் போட்டு நூறு மைலு இழுத்தயின்னா, சக்கரத்தோட சேந்து கியருக்குள்ளயும் சுத்தும், எண்ணெய் மட்டும் வராது. ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள கியர் பொட்டி வெந்து போயிரும். ஹோண்டா சிஆர்-வி வண்டியில 2014 மாடல் வரைக்கும் இப்பிடி இழுக்கலாம்னு புத்தகத்துலயே போட்டிருந்தான். 2015ல சிவிடி கியரு வந்துச்சு, அந்த அனுமதியும் போச்சு. பேரு அதேதான், மூஞ்சியும் கிட்டத்தட்ட அதேதான். பக்கத்து ஊட்டுக்காரன் இழுக்கறான்னு நீயும் கொக்கிய மாட்டுனயின்னா அவனோடது 2014, உன்னோடது 2016ன்னு கியரு சொல்லித்தான் தெரியும். ஜீப் ரேங்லரை அங்க அத்தன பேரு இழுத்துக்கிட்டுத் திரியறது அழகுக்காக இல்ல. அதுல டிரான்ஸ்ஃபர் கேசைத் தனியா நியூட்ரல்ல போட்டுரலாம், கியரு தொந்தரவில்லாமத் தூங்கும்.

அப்புறம் எடை. பின்னால இருக்கற கொக்கியில 5,000 பவுண்டுன்னு எழுதியிருக்குதுன்னு எங்கிட்டப் பெருமையாச் சொன்ன. கொக்கி தாங்கற எடையக் கொக்கி சொல்லுது. எஞ்சினும் பிரேக்கும் தாங்கறத அது எப்பிடிச் சொல்லும்? டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கறதையும் வாசிக்கச் சொன்னேன். ஊட்டுவண்டி தன் லோடோட இருக்கலாம்ங்கறது 22,000 பவுண்டு. வண்டியும் அது இழுக்கறதும் சேந்து இருக்கலாம்ங்கறது 26,000. ஊட்ட ரொப்பிட்டயின்னா மிச்சம் எவ்வளவு? நாலாயிரம். நீ கண்ணு வெச்சிருக்கற நாலு கதவு ஜீப்பு காலியாவே 4,000ஐத் தாண்டும். ஐடி கம்பெனியில உனக்கு எதுக்குச் சம்பளம் குடுக்கறான்னு எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

"ஊடு ரொம்பாது மாமா"ங்கறயா? உங்கத்தை குடுத்தனுப்புன கோயமுத்தூர் கிரைண்டரு, ரெண்டு மூட்டை அரிசி, இட்டிலிப் பானை, உன் சிநேகிதனுக்குன்னு நாலு மடக்கு நாற்காலி, எல்லாம் உள்ளாரதான இருக்குது? தண்ணித் தொட்டி 75 கேலனாம். அத முழுசா ரொப்புனாலே 600 பவுண்டுக்கு மேல. போற எடத்துல கொழாய் இருக்கறப்ப, மலைமேல ஏறி எறங்க அத்தன தண்ணி எதுக்கு? வழிக்குக் கை கழுவ வெச்சுக்கிட்டுப் போ. அங்க லாரிக்காரங்க நிக்கற எடத்துல கேட் ஸ்கேல்னு எடைமேடை இருக்குது, 1977ல இருந்து இருக்குது. முன் அச்சு, பின் அச்சு, இழுவை மூணுக்கும் தனித்தனியா எடை போட்டுச் சீட்டுக் குடுப்பான். சங்ககிரி லாரிக்காரன் எடைமேடையக் கண்டா அடுத்த ரோட்டுல சுத்திப் போவான். நீ தேடிப் போய் ஏறு. ஊட்டுக்காரியயும் புள்ளைங்களயும் ஏத்திக்கிட்டே ஏறு. ஆளுக்கொரு எடைச் சீட்டு யாரும் கேக்க மாட்டாங்க, பயப்படாத.

இப்ப நிக்கற சங்கதி. பின்னால வர்ற காருக்குத் தனியா பிரேக் வேணும். இத்தன பவுண்டுக்கு மேல இழுத்தா தனி பிரேக்குன்னு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வெச்சிருக்கறான், ரொம்ப எடத்துல அது 3,000 பவுண்டு. சட்டத்த உடு. பத்து டன் ஊட்ட நீ அமுக்கி நிறுத்தறப்ப பின்னால ரெண்டு டன் வந்து முதுகுல இடிச்சுக்கிட்டே இருந்தா எங்க நிக்கும்? கார் பெடல் மேல வெக்கறதுக்கு ஒரு பொட்டி விக்கறான். நீ முன்னால பிரேக்க அமுக்குனா அது பின்னால பெடல அமுக்கும். கொக்கி கழண்டுதுன்னா இழுபட்டு, காரைத் தானா நிறுத்தறதுக்கு ஒரு மெல்லிய கம்பிக்கயிறும் உண்டு. அத மாட்டாமப் போறவங்களும் உண்டு. சங்கிலி ரெண்டையும் இழுவைக் கம்பிக்குக் கீழ குறுக்கு மறுக்காப் போடு. கம்பி உழுந்தாலும் ரோட்டுல குத்தாம அந்தச் சங்கிலி ஏந்திக்கும்.

மாட்டி முடிச்சதும் பத்தடி மெதுவா நகத்து. உன் பொண்ணக் கீழ நிறுத்தி, கார் சக்கரம் நாலும் உருளுதான்னு பாக்கச் சொல்லு. ஹேண்ட் பிரேக்க எடுக்காமலே இழுத்துக்கிட்டுப் போய், பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சு, பொகையக் காட்டுன பொறவு தெரிஞ்சுக்கிட்டவங்க ஏராளம். ஊட்டுக்குள்ள உக்காந்திருக்கறவனுக்குக் கார் டயர் வெடிச்சாக்கூடத் தெரியாது. அதனால கார் டயருக்கும் காத்து அளவு சொல்ற சென்சார் போட்டுக்க. காசு போகட்டும்.

ரிவர்ஸ் எடுக்கறதப் பத்திச் சொல்லோணும். ஒன்னே ஒன்னுதான்: எடுக்காத. நாலு சக்கரமும் தரையில உருள்ற காரை மாட்டிக்கிட்டு நீ பின்னால போனயின்னா கார் முன்சக்கரம் இஷ்டத்துக்குத் திரும்பி மடங்கும், இழுவைக் கம்பி வளையும். நாலடிகூட வேண்டாம். பெட்ரோல் பங்குல நொழையறதுக்கு முன்னால, வெளிய போற வழி எதுன்னு பாத்துட்டு நொழை. மாட்டிக்கிட்டயின்னா எறங்கிக் காரைக் கழட்டு. மழையில, பின்னால ஏழு வண்டிக்காரன் மொறைக்கறப்ப, மொகத்த வெச்சுக்கற விதத்தக் கண்ணாடி முன்னால நின்னு பழகிக்க. காரைக் கழட்டி ஊட்ட மட்டும் பின்னால எடுக்கறப்ப உன் ஊட்டுக்காரிய வழிகாட்ட நிறுத்துவ. கண்ணாடியில அவ தெரியலைன்னா அந்த நொடியே நிறுத்திப் போடு. "வா, வா, வா"ன்னு அவ சொல்றது வண்டிக்கா, போன்ல அவங்கம்மாளுக்கான்னு உனக்குத் தெரியாது.

திரும்பறப்ப மூஞ்சியப் பாக்காத, வாலப் பாரு. பின் அச்சுக்குப் பின்னால ஊடு நெறையா நீண்டிருக்குது. நீ வலப்பக்கம் ஒடிச்சா வாலு இடப்பக்கம் வீசும். பங்குல இருக்கற மஞ்சக் கம்பத்துல பூசியிருக்கற பெயிண்ட்டுல பாதி ஊட்டுவண்டிக்காரங்க குடுத்தது.

உயரமும் அப்பிடித்தான். மேல ஏ.சி. இருக்குது, சேத்து அளந்து, அடி அங்குலத்த எழுதி கண்ணு முன்னால ஒட்டு. உன் போன்ல வழி சொல்றாளே ஒருத்தி, அவ உன்னக் கார்க்காரன்னு நெனச்சுத்தான் சொல்லுவா. வட கரோலினாவுல டர்ஹம்னு ஒரு ஊரு, அங்க ஒரு ரயில் பாலம். 11 அடி 8 அங்குலம். வருசக் கணக்கா லாரிக்காரங்க அதுல போய் மேக்கூரைய உரிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஒருத்தர் கேமரா வெச்சு அதையே படம் புடிச்சுப் போட்டு ஊரு ஒலகத்துக்கெல்லாம் காட்டிட்டாரு. 2019ல 8 அங்குலம் தூக்கி 12 அடி 4 அங்குலமாக்குனாங்க. இன்னும் இடிக்கறாங்க. பால்டிமோர்ல தண்ணிக்கு அடியில போற சுரங்கப் பாதையில, சமையல் கேஸ் டாங்கியோட உன்ன உடவே மாட்டான். மொன்டானாவுல கிளேசியர் மலையில 1933ல தெறந்த ரோடு ஒன்னு இருக்குது. அதுல நடு மலைப் பகுதிக்கு 21 அடிக்கு மேல நீளமா இருக்கற வண்டி போகக் கூடாது. ஊட்ட அடிவாரத்துலயே உட்டுட்டுக் காருல ஏறு. பின்னால இத்தன தூரம் இழுத்துக்கிட்டு வந்ததுக்கு அன்னைக்குத்தான் கணக்குத் தீரும்.

மலை எறங்கறது எங்கிட்டக் கேக்க வேண்டியது. தருமபுரியில இருந்து சேலத்துக்கு எறங்கற தொப்பூர்க் கணவாய் உனக்குத் தெரியுமில்ல? டீசல் மிச்சம் புடிக்கறேன்னு நியூட்ரல்ல எறக்கிப் பிரேக்க மட்டும் மிதிச்சுக்கிட்டே வந்தவங்க முன்னால போன கார்களுக்கெல்லாம் எமனா வந்தாங்க. உனக்கு அங்க கிரேப்வைன்னு ஒரு எறக்கம் இருக்குது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து ஐ-5 ரோட்டுல வடக்க வர்றப்ப, தேஹோன் கணவாய் 4,144 அடி, அங்கிருந்து நூறடிக்கு ஆறடி சரிவுல மைல் கணக்கா எறக்கம். பிரேக் போன வண்டி ஏறி நிக்கறதுக்குன்னே சரளை கொட்டுன ஒதுக்குப் பாதையும் வெட்டி வெச்சிருக்கறான். அதப் பாத்தாலே புரிஞ்சுக்க வேண்டாமா? எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே கியரக் கொற. ஏற எந்தக் கியரு கேட்டுச்சோ அதுலயே எறங்கு. எஞ்சின் கத்தும், கத்தட்டும். வேகம் கூடுனா பிரேக்க நல்லா ஒரு அமுக்கு அமுக்கி, வேகத்தக் கொறச்சு, காலை எடுத்துரு. பட்டும் படாம மிதிச்சுக்கிட்டே வந்தா பிரேக்கு சூடேறிக் கைவிட்டுரும். க்ரூஸ் கன்ட்ரோலப் போட்டுட்டு முறுக்குத் திங்காத.

எதையாவது இழுத்துக்கிட்டுப் போனா கலிபோர்னியாவுல 55 மைலுக்கு மேல போகக்கூடாது. எல்லாரும் திட்டிக்கிட்டே தாண்டிப் போவாங்க. போகட்டும், திட்டுக்கு டோல் இல்ல.

டயரு பளபளன்னு இருக்குதுன்னு சொன்ன. ஊட்டுவண்டி வருசத்துல முக்காவாசி நாளு நின்னுக்கிட்டே இருக்கும், டயர் தேயாது, வயசாகும். பக்கவாட்டுல டாட்னு போட்டுக் கடைசியில நாலு நம்பர் இருக்கும். 2316னா 2016ல 23ஆவது வாரம் செஞ்சது. அஞ்சாறு வருசம் தாண்டுச்சுன்னா வெடிப்பு உழுந்திருக்குதான்னு தடவிப் பாத்து மாத்து. "பூ நல்லாத்தான் இருக்குது"ன்னு ரீட்ரேடிங்காரன் மாதிரி எங்கிட்டப் பேசாத.

ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல போகாத, பகல் மூணு மணிக்கெல்லாம் போய்ச் சேந்துருன்னு அங்க இருக்கற பழைய ஆளுங்க சொல்லுவாங்க. பொழுது போன பொறவு இருட்டுல போய் ஊட்டச் சொருகறது லேசுப்பட்ட வேல இல்ல.

எடுத்துக்கிட்டுக் கெளம்பறப்ப படிய மடக்குனயா, டிவி ஆன்டெனாவ எறக்குனயா, வெளிய விரிச்ச கூரைத் துணியச் சுருட்டுனயா, எல்லாத்தையும் ஒரு சுத்துச் சுத்திப் பாத்துக்க.

கடைசியா அந்தக் கக்கூஸ் டாங்கி. அதோட வால்வத் தெறந்தே போட்டு வெக்காத. தண்ணியெல்லாம் ஓடிப் போயிரும், போகக் கூடாதது மட்டும் தங்கிக் காஞ்சு கெட்டியாயிரும். முக்காலுக்கு மேல ரொம்பட்டும், அப்புறம் தெற. அது காலியான பொறவு குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணியத் தெற, கொழாயக் கழுவி உடும். கைக்கு உறை போட்டுக்க, மொகத்தத் திருப்பிக்கிட்டு நில்லு, வாயை மூடிக்க. ஆடி போய் நாங்க அங்க வர்றோம். வண்டியில முன்னால உக்காந்து வழி சொல்றது, எடைச்சீட்டப் படிக்கறது, மலை எறக்கத்துல உன்னத் திட்டறது எல்லாம் எம்பட வேல. அந்தக் கொழாயப் புடிக்கறது மட்டும் உம்பட வேல மாப்ள, அதுல நான் குறுக்க வரமாட்டேன்.