மரத்தவளைப் பெட்டியைச் சூடேற்றுதல்: சந்திரகிரி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வளர்ப்பு மரத்தவளையின் பெட்டியைத் தீங்கின்றிச் சூடேற்றுவது எவ்வாறு என்னும் வினா, கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சந்திரகிரியில் ஏன் எழ வேண்டும் என்று கேட்போர் ஆய்வு நெறி அறியாதவர் ஆவர். ஒரு வினா எழுவதற்கு ஒரு தேவை இருக்க வேண்டும் என்பது உலக வழக்கு. தலைப்புப் பதிவாகியிருந்தால் போதும் என்பது ஆய்வு வழக்கு.

ஈண்டு மரத்தவளை எனப்படுவது, விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுத் தகடுகளைக் கொண்டு செங்குத்துச் சுவரிலும் நிற்க வல்லதும், 1830இல் ஜான் எட்வர்டு கிரே என்பாரால் அறிவியலுக்கு விவரிக்கப்பட்டதும், தமிழ் வீடுகளில் தேரை என்ற பெயரோடு குளியலறையிலிருந்து துடைப்பத்தால் வழியனுப்பப்படுவதுமாகிய இந்திய மரத்தவளை. சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிக்கொள்வதால் ஆங்கிலேயர் இதனைச் 'சுணாம் தவளை' என்றும் அழைத்தனர். இச்செய்தி சந்திரகிரிக்கு மிகவும் இயைபுடையது. ஏனெனில் அங்குள்ள கோட்டையின் ராஜ மகால், மரம் சிறிதும் சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் எழுப்பப்பட்டது. மரமே இல்லாத மாளிகையில் ஏறிய தவளையை மரத்தவளை என்பதா, சுவர்த்தவளை என்பதா என்னும் சிக்கல், அம்மாளிகை இன்று அருங்காட்சியகமாக விளங்கியும் தீர்க்கப்படாமல் இருப்பது வருந்தத்தக்கது.

பெட்டி என்பது பெட்டி.

இனிப் பெயராய்வு. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமரும் இவ்வட்டாரத்தில் தவளைக்குக் 'கப்ப' என்னும் தெலுங்குப் பெயரும் உண்டு. இது 'கப்பம்' என்பதிலிருந்து வந்தது என்பர் ஒரு சாரார்: விஜயநகரத்தின் பிற்கால அரசர்கள் சந்திரகிரியிலிருந்து ஆண்டபோது கப்பம் கட்டத் தவறியவர்களின் ஏரிக்கரையில் தவளைகள் இரவெல்லாம் அதனை நினைவூட்டிக் கத்தியிருக்க வேண்டும் என்பது அவர்தம் துணிபு. 'கப்பல்' என்பதே மூலம், இரண்டும் மிதக்கின்றன என்பர் மற்றொரு சாரார். சந்திரகிரி அரசரின் மேலாட்சிக்கு உட்பட்ட நாயக்கரிடமிருந்து ஆங்கிலேயர் 1639இல் சென்னை நிலத்துக்கு மானியம் பெற்றதையும், அவர்கள் கப்பலில் வந்ததையும் இவர்கள் சான்றாகக் காட்டுவர். பூச்சியைக் 'கப்'பென்று கவ்வுவதால் கப்ப என்பது மூன்றாம் கொள்கை. தவளையை ஒருமுறையேனும் பார்த்தவர் சொன்னது போல் இருப்பதால் ஆய்வுலகம் இதனை ஏற்கவில்லை.

முதற்கொள்கைக்குரிய சான்று ஓர் ஏட்டின் கறையான் தின்ற பகுதியாகும். தின்னப்பட்ட வரிகளில் இக்கருத்து இருந்திருக்கும் என்று உரைகாரர் ஒருவர் எழுத, அவ்வுரையைக் காணாத மற்றொருவர் அதற்கு அடிக்குறிப்பு வரைய, அவ்வடிக்குறிப்பையே மேற்கோள் காட்டி உரைகாரர் தம் இரண்டாம் பதிப்பில் தம் கருத்து ஐயமற நிறுவப்பட்டதாக மகிழ, அப்பதிப்பு அச்சேறுமுன் அதனையும் கறையான் தின்றதால் இன்று மறுப்பதற்கு எவரிடமும் ஆதாரம் இல்லை. இதற்குச் 'சான்றுச் சுழல்' என்று பெயர். பதவி உயர்வுகள் பல இச்சுழலில் மிதந்தே கரை சேர்ந்துள்ளன.

சூடேற்றும் வழிகள் மூன்று. வெயில் இலவசமானது, ஆயினும் கண்ணாடிப் பெட்டிக்குள் அது புகுந்தால் சிறிது நேரத்தில் தவளை வெந்துவிடும். விளக்கைப் பெட்டிக்குள் தொங்கவிட்டால் தவளை அதன்மேல் தாவி ஒட்டிக்கொண்டு தோலைச் சுட்டுக்கொள்ளும் என்பதால், அது வலைமூடிக்கு வெளியேதான் இருத்தல் வேண்டும்.

மூன்றாவதாகிய வெப்பத் தகடு, அதாவது மின்சாரத்தால் மெல்லச் சூடாகும் விரிப்பு, விரிவாக நோக்கத்தக்கது. இதனைப் பெட்டியின் அடியில் வைப்போர் பலர், அது தவறு. வெப்பம் மிகும்போது தவளை ஈர மண்ணுக்குள் ஒதுங்கப் பார்க்கும். அம்மண்ணே கொதித்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. ஆகவே தகட்டைப் பக்கச் சுவரின் வெளிப்புறத்தில், அதுவும் ஒரே பக்கத்தில் ஒட்டுதல் வேண்டும். தவளை தன் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கிக் காக்க இயலாத உயிர். வெதுவெதுப்பான மூலையும் குளிர்ந்த மூலையும் இருந்தால்தான் அது தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளும். குறித்த அளவு சூடேறியதும் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இன்றித் தகட்டை இயக்கவே கூடாது. சூடு ஏற ஏற ஈரம் குறையும். தவளையோ வாயால் நீர் பருகுவதில்லை. தோலின் வழியே, குறிப்பாக வயிற்றுப் பக்கத் தோலின் வழியே, உறிஞ்சிக்கொள்ளும். எனவே குளோரின் நீங்கிய நீரைத் தெளிப்பது சூடேற்றுவதினும் முதன்மையானது. இந்திய மரத்தவளை தன் தோலில் சுரக்கும் நீர்மத்தைக் கால்களால் உடலெங்கும் தடவிக்கொண்டு ஈரம் போகாமல் காக்கிறது என்பதும் ஆய்வில் கண்ட உண்மையே. இதைக் கண்டறிந்தவர்கள் தவளையைப் பார்த்தே கண்டறிந்தார்கள் என்பதால் அவர்தம் முறை இங்குப் பின்பற்றப்படவில்லை.

இத்துறையின் நூல்கள் பெரும்பாலும் பனி பெய்யும் நாடுகளில் எழுந்தவை. அவற்றைத் தழுவி எழுதியோர் தகட்டோடு பனியையும் சேர்த்தே இறக்குமதி செய்துவிட்டனர். எழுதுமுன் சன்னலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நெறிமுறைகள் எதிலும் கூறப்படாமையால் அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் சில மார்கழி, தை இரவுகளில் வேறு நாட்டிலிருந்து வந்த தவளைக்கு வேண்டுமானால் தகடு தேவைப்படலாம். உள்ளூர்த் தவளையோ குளியலறைத் தொட்டியின் நிழலில் தன் வெப்பநிலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அதனைப் பிடித்துப் பெட்டியில் அடைக்காமல் இருப்பதே நன்று. ஏற்கெனவே அடைத்துவிட்டோர் தகட்டின் மின்கம்பியைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு, பெட்டியை வெயில் விழும் மேற்குச் சன்னலோரத்திலிருந்து இன்றே நகர்த்தி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.