உருளாத டயருக்கு உபசாரம்

ஒக்டோபர் வந்தால் ஒன்ராறியோவில் ஊரெல்லாம் பூசணிக்காய் வாங்கும். என் அத்தான் பலகை வாங்குவார்.

அவரிடம் ஒரு மோட்டார் வீடு இருக்கிறது. கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உள்ளேயே கொண்ட ஆறரைத் தொன் வண்டி. கோடையில் அல்கொங்குயின் பூங்காப் பக்கம் எப்போதாவது போய்வரும். மிச்சக் காலமெல்லாம் ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில், மாத வாடகைக்கு நிற்கும். வீட்டுக்கு வாடகை கொடுத்துக் குடிவைத்திருக்கிற மனுசன் உலகத்தில் இவர் ஒருவர்தான் என்பாள் அக்கா. அந்த நேரம் பார்த்து அத்தானுக்குக் காது அடைத்துவிடும்.

டயர் ஆறு. முன்னுக்கு இரண்டு, பின்னுக்குச் சோடி சோடியாக நான்கு. இந்த வகை வண்டிகளில் டயர் தேய்ந்து போவது அபூர்வம். பூ அப்படியே இருக்க, வயதாகித்தான் போகும். பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கமும் அதன் சாதகம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் பிறந்தது. சொந்த மகளின் பிறந்தநாளை அக்காவிடம் கேட்டறியும் அத்தான், ஆறு டயரின் பிறந்த வாரத்தையும் நித்திரையிலும் சொல்வார்.

ரப்பருக்கு எமன் காற்றிலுள்ள ஓசோன். அதைத் தடுக்கவென்றே டயர் செய்யும்போது மெழுகும் வேறு இரசாயனங்களும் கலந்துவிடுகிறார்கள். டயர் உருண்டு நெளிய நெளியத்தான் அவை நன்றாக மேலே கசிந்து வந்து காவல் நிற்கும். ஓடாமல் நின்றால் மருந்து உள்ளே, வெடிப்பு வெளியே. ஆக, கைகண்ட வைத்தியம் வண்டியை ஓட்டுவதுதான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் செய்கிறோம்.

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவல். மினுக்குத் தைலம் பூசக்கூடாது. பெற்றோலியம் கலந்த தைலம் ரப்பரைக் கெடுக்கும். அதே காரணத்தால் தார்த் தரையும் எண்ணெய் சிந்திய மண்ணும் ஆகாது. அதற்குத்தான் பலகை. பக்கத்து வண்டிக்கார வெள்ளைக்காரக் கிழவர் கொங்கிரீட்டும் ரப்பரின் எண்ணெயை உறிஞ்சும் என்று சத்தியம் செய்கிறார். அவருக்கு அடுத்த வண்டிக்காரர் அது சுத்தப் புலுடா என்கிறார். காய்ந்த, சுத்தமான கொங்கிரீட்டுக்குப் பயப்படத் தேவையில்லை என்பது என் கட்சி. டயரைத் தின்கிற சூரியன் தலைக்கு மேலே நிற்க, இவர்கள் காலுக்குக் கீழே கள்ளனைத் தேடுகிறார்கள். ஆனால் அத்தான் பலகைக்குக் காசு கொடுத்துவிட்டார். இனி விஞ்ஞானம் எடுபடாது.

பலகை டயரின் அடி முழுவதையும் தாங்கவேண்டும். விளிம்பு வெளியே தொங்கினால் பாரமெல்லாம் மிச்ச இடத்தில் இறங்கும். பின்சோடியில் ஒரு டயர் மட்டும் பலகையில் ஏறினால், கலியாண வீட்டில் இளைய மச்சானுக்கு நடப்பதுபோல, இரண்டு பேர் சுமையும் அந்த ஒன்றின் தலையில்.

"தம்பி, பலகை நேராய் இருக்கோ?"

"இருக்கு அத்தான், வாங்கோ."

"வடிவாய்ப் பார்த்தனியோ?"

ஆறரைத் தொன் பின்னால் வரும்போது ஒருவன் எவ்வளவு வடிவாய்ப் பார்ப்பானோ, அவ்வளவு வடிவாய்ப் பார்த்தேன்.

பிறகு வெயில் படாமல் ஒவ்வொரு டயருக்கும் வெள்ளை உறை. எனக்கு இந்த வருசமும் பழைய குளிர்ச்சட்டைதானே என்று அக்கா பொதுவில் ஒரு கேள்வி போட்டாள். அத்தான் குனிந்து உறையின் கயிற்றை இறுக்கினார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தை மாதம், உறைபனிக்குள் தொலைபேசி அடித்தது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 4 சதவீதம் இறங்குமாம்.

"தம்பி, ஒருக்காப் போய்க் காத்துப் பார்த்திட்டு வருவமே?"

"அப்படியே ஒரு சுற்று ஓட்டிக்கொண்டும் வருவம் அத்தான். டயருக்கு நல்லது."

"உனக்கென்ன விசரோ? இந்தப் பனிக்குள்ள எடுத்தால் டயர் என்னத்துக்கு ஆகும்?"