கேப்டனுக்கு ஒரு மூக்கு

180 பேரை ஏற்றிக்கொண்டு 35,000 அடிக்குப் போகிறவர் என்றாலும், கொட்டிவாக்கத்து வீட்டு வாசற்படியில் ஒற்றைத் தும்மல் போட்டுவிட்டால் உள்ளே திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இது விமானத் துறையைக் கட்டி மேய்க்கிற டிஜிசிஏ போட்ட விதி இல்லை, அம்மா போட்ட விதி. இரட்டைத் தும்மல் என்றால் பாதகமில்லை, போகலாம். அதனால் நம் கேப்டன் முதல் தும்மல் வந்ததும் இரண்டாவதை எதிர்பார்த்து மூக்கைச் சுளித்தபடி வாசலிலேயே நிற்பார். வெளியே கார் டிரைவர் வாட்சைப் பார்ப்பார். விடிகாலை நாலு மணிக்கு துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் டிராஃபிக் இருக்காது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கார்த்திகையில் மழை ஓய்கிற சமயத்தில் தொடங்கி மாசி வரைக்கும் அவருக்கு இந்தப் பாடு. மூக்கில் குழாய் திறந்தாற்போல நீர் ஒழுகும். கண் அரிக்கும். நாக்கால் சொறிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு மேலண்ணம் அரிக்கும். காரணம் கேட்டால் வீட்டுக்குள் மூன்று கட்சி. மார்கழிப் பனி என்பார் அம்மா. ராத்திரி முழுக்க ஏ.சி. என்பார் மனைவி. கீழ்வீட்டு மாமா ஈ.சி.ஆர். பக்கம் மிச்சமிருக்கிற சவுக்குத் தோப்புகளைக் கை காட்டுவார். காற்றிலேயே மகரந்தத்தைத் தூவிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும் மரம் அது, பூச்சியைக் கூப்பிட்டு விருந்து வைக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அந்த வகையில் மாமாவின் வாதத்தில் அறிவியல் உண்டு.

தமிழனுக்குத் தும்மல் என்றுமே வெறும் தும்மலாக இருந்ததில்லை. திருவள்ளுவர் புலவி நுணுக்கம் என்ற ஒரே அதிகாரத்தில் மூன்று குறள்களைத் தும்மலுக்கு ஒதுக்கியிருக்கிறார். காதலன் தும்மினால், ‘உம்மை யார் நினைத்தார்கள்?’ என்று காதலிக்கு அழுகை. அடக்கினால், ‘யார் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்?’ என்று மறுபடி அழுகை. கேப்டனின் மனைவி அவ்வளவு தூரம் போவதில்லை. அவருக்கு ஆளும் தெரியும். “வேற யாரு? ரோஸ்டர் போடறவங்கதான் உங்களை நினைச்சிட்டிருப்பாங்க. சண்டே லீவ் போச்சு.”

நமக்கெல்லாம் மூக்கு ஒழுகினால் முனை மெடிக்கல் ஷாப். “ஒரு அவில் போட்டுக்கங்க சார். நல்லா தூக்கம் வரும்” என்று கடைக்காரர் தாராள மனசோடு சொல்வார். அந்தத் தூக்கம்தான் விமானிக்கு வில்லங்கம். பழைய தலைமுறை ஒவ்வாமை மாத்திரைகள் மூளைக்குள் நுழைந்து விழிப்பைக் குறைக்கும். அதிலும் தூக்கம் கலைந்த பிறகும் மந்தம் கலையாது, ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று ஆளுக்குத் தோன்றும். அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990 முதல் 2012 வரை விபத்தில் இறந்த விமானிகளின் மருத்துவப் பரிசோதனை முடிவுகளை அலசி 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. திறனைக் குறைக்கக்கூடிய மருந்துகளில் அவர்கள் உடலில் அதிகம் தென்பட்டது கஞ்சாவோ கொகெய்னோ இல்லை. டைபென்ஹைட்ரமின். நம் வீட்டு அலமாரியில் பிசுபிசுத்த மூடியோடு நிற்கிற இருமல் சிரப்புகள் சிலவற்றில் இருக்கிற அதே சரக்கு. அதைச் சாப்பிட்டால் 60 மணி நேரம் விமானத்தைத் தொடாதே என்கிறது அமெரிக்க விமானத் துறை. சிட்ரிசினுக்கும் அங்கே சிவப்பு விளக்குதான். லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்றவற்றுக்கு மட்டும், ஆளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தரையில் பார்த்த பிறகு, பச்சை.

அந்த ஃபெக்ஸோஃபெனடினுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. வைட்டமின் சி நல்லது என்று அம்மா பிழிந்து வைத்த ஜூஸ் டம்ளரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று ஒரு சீசன் முழுக்கப் புலம்பியவர் நம் கேப்டன்.

சரி, இங்கிலீஷ் மருந்து வேண்டாம், நம் மருந்துக்கு வருவோம் என்றால் அங்கே இன்னும் பெரிய கண்டம். அரிஷ்டம் என்று பெயர் முடிகிற எதுவும் புளிக்கவைத்துச் செய்வது. அந்தப் புளிப்பில் தானாகவே ஆல்கஹால் ஊறியிருக்கும். பாட்டி காலத்திலிருந்து மயிலாப்பூர் மாமிகள் வெள்ளிக்கிழமைகூட கூசாமல் குடித்துவரும் அந்தத் திரவத்தை, விமானி இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் மூச்சுச் சோதனைக்கு ஊதினால் கதை கந்தல். இங்கே அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம். முதல் தடவை மாட்டினால் மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம், இரண்டாம் தடவை மூன்று வருஷம், மூன்றாம் தடவை ஒரேயடியாக ரத்து. 2023-ல் டிஜிசிஏ இன்னும் ஒரு படி போய், ஆல்கஹால் கலந்த மருந்து, மவுத்வாஷ், டூத் ஜெல் எதையும் விமானப் பணியாளர்கள் தொடக் கூடாது என்றது. அந்த விதியின் வரைவில் பெர்ஃப்யூமும் இருந்தது, கடைசியில் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். மருந்து சாப்பிட வேண்டியிருந்தால் கம்பெனி டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பறக்க வேண்டும். “டேய், தசமூலாரிஷ்டத்தைப் போய் சாராயம்ங்கறாளே!” என்று அம்மா கொதித்தார். அவர் கோபம் டிஜிசிஏவை எட்டவில்லை.

மிச்சமிருந்தது அமிர்தாஞ்சன். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது ஊர்ப் பாசம். 1893-ல் அதைத் தொடங்கிய நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயரில்தான் லஸ் பக்கத்துப் பூங்காவே இருக்கிறது. அதைத் தேய்த்துக்கொண்டு பறக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் காக்பிட் என்பது ஒரு ஆட்டோவின் பின்சீட் அளவு இடம், ஜன்னலையும் திறக்க முடியாது. பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் தனக்கும் ஜலதோஷம் போய்விட்டது என்று கோ-பைலட் மரியாதையாகச் சொன்னார். அவருக்கு ஜலதோஷமே இல்லை.

இவ்வளவு அமர்க்களம் ஏன், கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதானே என்று தோன்றலாம். தும்மல் வந்தால் கண்ட்ரோலைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிடலாம், அதற்குத்தான் இரண்டு பேர். உண்மையான ஆபத்து காதுக்குள் இருக்கிறது. விமானம் உச்சத்தில் பறக்கும்போது கேபினில் சுமார் 6,000 முதல் 8,000 அடி மலை மேல் இருக்கிற காற்றழுத்தம்தான் இருக்கும். கிட்டத்தட்ட ஊட்டி. ஏறும்போது நடுக்காதில் விரிகிற காற்று, தொண்டைக்குப் போகிற சின்னக் குழாய் வழியே தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று அதே குழாய் வழியே உள்ளே வரவேண்டும். மூக்குச் சளியில் குழாயின் வாய் வீங்கியிருந்தால் அது வராது. செவிப்பறை உள்ளே இழுபடும். வலி எப்படி இருக்கும் என்றால், அடையாறுக்கு மேலே சக்கரத்தை இறக்கி ரன்வேயை நேராகப் பார்க்க வேண்டிய நேரத்தில் கண்ணில் நீர் முட்டும்.

இந்த வலியைப் பற்றி எழுதிவைத்த முதல் மனிதர் பிரெஞ்சு விஞ்ஞானி ஜாக் சார்ல்ஸ். 1783 டிசம்பர் 1-ம் தேதி ஹைட்ரஜன் பலூனில் பாரிஸிலிருந்து கிளம்பி, நண்பரை இறக்கிவிட்டு, தனியாக மறுபடி சுமார் 3,000 மீட்டர் உயரம் போனார். ஒரே நாளில் இரண்டாம் தடவை சூரிய அஸ்தமனம் பார்த்த சந்தோஷத்தைக் காதுவலி கெடுத்தது. அதற்குப் பிறகு அவர் பறக்கவே இல்லை. புத்திசாலி. நம் நாட்டிலும் 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஒரு விமானத்தில் கேபின் அழுத்தத்துக்கான ஸ்விட்சைப் போட மறந்துவிட, 30 பேர் வரை காதிலும் மூக்கிலும் ரத்தம் வழியத் திரும்பி வந்தார்கள். சளி பிடிக்காத மூக்குகளுக்கே அந்தக் கதி.

மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெல்ல ஊதிக் காதைத் திறக்கிற வித்தைக்கு இத்தாலிய உடற்கூறு வல்லுநர் வால்சால்வாவின் பெயர். மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சில் விழுங்குவதற்கு லண்டன் காது டாக்டர் டாயின்பீயின் பெயர். இந்த டாயின்பீ 1866-ல் காது இரைச்சலுக்கு மருந்து தேடுகிறேன் என்று குளோரோஃபார்மையும் ஹைட்ரோசயனிக் அமிலத்தையும் தானே முகர்ந்து பார்த்து, அந்தச் சோதனையிலேயே போய்ச் சேர்ந்தார். மூக்கடைப்புக்கு உடனடி நிவாரணம் தருகிற சொட்டு மருந்து இவ்வளவு மோசமில்லை. ஆனால் சில நாட்களுக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். அதன் வீரியம் நடுவானில் தீர்ந்தால் ஏறியவர் இறங்க முடியாமல் தவிப்பார்.

கடைசியில் கேப்டன் அலர்ஜி டாக்டரிடம் போனார். முன்கையில் பேனாவால் வரிசையாக எண் எழுதினார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு, சொட்டு மேல் ஊசி முனையால் ஒரு சின்னக் குத்து. கால் மணி நேரம் சொறியக் கூடாது. ஏழாயிரம் மணி நேரம் பறந்த மனிதர் அந்தக் கால் மணி நேரத்தில் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் திருகிவிட்டார். சவுக்குக்கு நேரே ஒன்றுமில்லை. கீழ்வீட்டு மாமா டெபாசிட் காலி. அறுகம்புல்லுக்கு நேரே கொசுக்கடி மாதிரி ஒரு தடிப்பு. தூசு உண்ணிக்கு நேரே மெதுவடை.

அறுகம்புல்லை அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “பிள்ளையாருக்குச் சாத்தறதுடா அது. அவருக்கு எவ்ளோ பெரிய மூக்கு, ஒரு தும்மலாவது போட்டிருக்காரா?” இதற்கு மருத்துவத்தில் பதில் இல்லை. தூசு உண்ணியை எதிர்ப்பதற்கு ஆளில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஜீவன் மெத்தையில், தலையணையில், நாம் உதிர்க்கிற தோல் துகளைத் தின்று வாழ்கிறது. அதற்கு வேண்டியது ஈரக் காற்று. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இலவம்பஞ்சு மெத்தை போட்டுப் படுத்தால் வேண்டியதெல்லாம் கிடைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கேப்டனின் மூக்குக்கு உலகத்திலேயே பாதுகாப்பான இடம் அவருடைய ஆபீஸ்தான். கேபின் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழே, உண்ணி காய்ந்து கருவாடாகிவிடும். சுழன்று வருகிற காற்றை ஹெப்பா ஃபில்டர் வடிகட்டுகிறது. மகரந்தம் 35,000 அடிக்கு ஏறி வந்து தொல்லை கொடுப்பதில்லை. கொஞ்சம் கீழே நிலைமை வேறு. மான்செஸ்டர் டாக்டர் சார்ல்ஸ் பிளாக்லி 1873-ல் வெளியிட்ட புத்தகத்தில், தன் தும்மலுக்குக் காரணம் மகரந்தமே என்று தன் மூக்கையே சோதனைச்சாலையாக்கி நிரூபித்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டி மேலே அனுப்பி, தரையைவிட உயரத்தில் மகரந்தம் அதிகமாக மிதப்பதையும் கண்டார். (இன்று கொட்டிவாக்கம் பீச்சில் அந்த ஆராய்ச்சியைச் செய்தால் மாஞ்சா நூலா என்று போலீஸ் முதலில் விசாரிக்கும்.) 1933-ல் அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் மனைவியோடு வடதுருவப் பக்கம் பறந்தபோது, கண்ணாடித் துண்டுகளை வெளியே நீட்டிப் பூஞ்சை வித்துகளைப் பிடித்து வந்தார். விமானி தும்மலைத் தேடிப் போன ஒரே சந்தர்ப்பம் அதுவாக இருக்கலாம்.

இப்போது கேப்டன் வீட்டில் புது ஆட்சி. இலவம்பஞ்சு மெத்தை கண்ணீரோடு வெளியேறியது. படுக்கை விரிப்புகள் வாராவாரம் கொதிக்கிற நீரில். காய்ச்சி ஆறவைத்த உப்பு நீரால் மூக்கைக் கழுவுகிறார். நம் யோகிகள் ஜல நேத்தி என்று செய்துவந்ததுதான், இன்றைய காது மூக்கு தொண்டை டாக்டர்களும் சரி என்கிறார்கள். அப்புறம் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. தூக்கம் தராது, கம்பெனி டாக்டரும் தலையாட்டிவிட்டார். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, குறி நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம். ஒரே சிக்கல், அடித்த உடனே கேட்காது. முழுப் பலனுக்கு நாள்கணக்கில் ஆகும், அதனால் சீசன் வருமுன்பே தொடங்க வேண்டும். ஐப்பசியில், மூக்கு நன்றாக இருக்கும்போதே, குறுக்குக் கையாக நின்று மருந்து அடிக்கும் மகனைப் பார்த்து அம்மா காய்ந்த மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார். அந்தப் புகையில் எல்லோரும் தும்மினார்கள்.

போகி மட்டும் யாருக்கும் கட்டுப்படாது. 2018 ஜனவரி 13 காலை, டயரும் பாயும் எரிந்த புகை மூட்டத்தில் மீனம்பாக்கத்தில் ரன்வே தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின. ஊரே இருமிய அன்று ஒரு கேப்டனின் மூக்கை யார் விசாரிப்பார்கள்?

அவருக்கு ஆறுதலாக இருப்பது விண்வெளி வீரர் வால்டர் ஷிராவின் கதை. 1968 அக்டோபரில் அப்போலோ 7 கிளம்பிய முதல் நாளே கமாண்டர் ஷிராவுக்கு ஜலதோஷம். எடையில்லாத இடத்தில் சளி கீழே இறங்காது, மூக்கிலேயே குடியிருக்கும். பதினோரு நாள் அதோடு பூமியைச் சுற்றிவிட்டு, இறங்கும்போது ஹெல்மெட் போட மாட்டோம், போட்டால் மூக்கைப் பொத்திக் காதைத் திறக்க முடியாது என்று ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையோடு சண்டை போட்டார். போடாமலே இறங்கினார். மேலே அவர் விழுங்கியது ஆக்டிஃபெட் என்ற மாத்திரை. ஓய்வு பெற்ற பிறகு அதே மாத்திரைக்கு டிவி விளம்பரத்தில் வந்தார். அதில் தூக்கம் தருகிற சரக்கு உண்டு. விண்வெளியில் அதைச் சாப்பிட்டவர் ஹீரோ, நம் கேப்டன் அதைச் சாப்பிட்டால் மதுரைக்குக்கூட ஓட்டிப் போக முடியாது.

ராத்திரி சாப்பாட்டில் இந்தக் கதையைக் கேப்டன் விஸ்தாரமாகச் சொல்லி முடித்தார். அம்மா ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

“அந்த விளம்பரத்துக்கு அவருக்கு எவ்ளோடா குடுத்திருப்பா?”