முழங்கால் வலியும் மூன்று மாத விசாவும்

பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஒவ்வொரு குடும்பத்திலும் இன்று ஒரு பெரியப்பா இருக்கிறார். அரசாங்கத்திலோ வங்கியிலோ குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். தெருமுனையில் பால் பாக்கெட் வாங்கக்கூட ஸ்கூட்டர் எடுப்பவர். ஒரு நாள் லிஃப்ட் ஓடவில்லையென்றால் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பத்தி பத்தியாக எழுதித் தள்ளுபவர். மூட்டுத் தேய்மானத்துக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுபவர்.

இவரை மகள் மூன்று மாத விசாவில் ஆம்ஸ்டர்டாமுக்கு வரவழைக்கிறாள். விமானம் தரையைத் தொடுகிறது. தேய்ந்த மூட்டு வளர்ந்துவிடுகிறது.

நம் எலும்பு மருத்துவர்கள் இந்த அதிசயத்தை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. அங்கே பெரியப்பா ஒரு நாளைக்கு இருபதாயிரம் அடி நடக்கிறார். தலையில் குரங்குக் குல்லாய், காலில் மருமகன் வாங்கித் தந்த வெள்ளை ஷூ. ஆம்ஸ்டெல் ஆற்றங்கரையில் நடக்கிறார், டாம் சதுக்கத்தைச் சுற்றி நடக்கிறார், தூறலில் நடக்கிறார். ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டின் செங்குத்துப் படிகளில் ஏறி இறங்கிவிட்டு, "ஒண்ணுமே தெரியல, காத்து அப்படி" என்கிறார். தினமும் ராத்திரி அன்றைய நடைக்கணக்கு குடும்பக் குழுவில் வந்து விழுகிறது. அதற்குக் கட்டைவிரல் தூக்கவில்லையென்றால் பெரியம்மா தனியாக போன் செய்து, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார்.

மூன்று மாதம் முடிந்து மீனம்பாக்கத்தில் இறங்கும்போது அவர் சக்கர நாற்காலியில் வருகிறார். போகும்போதும் சக்கர நாற்காலிதான். ஆனால் அது வரிசையில் நிற்காமல் இருப்பதற்காக. வரும்போது நிஜமாகவே வலி தொடங்கிவிட்டிருக்கும்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு அவர் பேசும் வாக்கியமெல்லாம் "அங்கெல்லாம்" என்றே ஆரம்பிக்கும். அங்கெல்லாம் யாரும் ஹாரன் அடிக்க மாட்டான். அங்கெல்லாம் நதிக்கரைன்னா நதிக்கரை. அங்கெல்லாம் சரித்திரத்தை எப்படி வெச்சிருக்கான் பாரு.

இப்படி முற்றிய நிலையில் இருக்கும் பெரியப்பாக்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப்போவது என்னுடைய பொழுதுபோக்குகளில் ஒன்று. குரூரம் என்று வைத்துக்கொண்டாலும் சரி, வைத்தியம் என்று வைத்துக்கொண்டாலும் சரி. சென்னையிலிருந்து வடக்கே பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். பெரியப்பா வந்தால் கார்.

அழைத்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது. அவர் விழுந்து விழுந்து படம் எடுத்த ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வளையத்தை டச்சுக்காரர்கள் வெட்டத் தொடங்கியது 1613இல். பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதும் அதே 1613. முந்தைய வருடம்தான் போர்ச்சுக்கீசியர்கள் இங்கிருந்த டச்சுப் பண்டகசாலையைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மூட்டை கட்டும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு இந்த ஊர்தான் தலைநகர். ஆங்கிலேயர்கள் மதராசில் இடம் பிடித்த 1639இல், பழவேற்காடு கால் நூற்றாண்டு அனுபவமுள்ள சீனியர். மொலுக்காத் தீவுக்காரனிடம் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமென்றால் அவன் கேட்டது துணி, அதுவும் நம் கரையில் நெய்து சாயம் ஏற்றிய துணி. கிராம்பு ஐரோப்பாவுக்குப் போய்ப் பணமானது. ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கரையில் எழுந்த மாளிகைகளில் அந்தப் பணமும் இருக்கிறது.

இதையெல்லாம் மீஞ்சூர் தாண்டும்போதே எங்கள் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அப்படியா" என்றார். பிறகு, "அங்கே பார்க்கிங் எப்படி?" என்றார்.

முதலில் டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். 17ஆம் நூற்றாண்டுக் கற்பலகைகளில் கப்பலும் கேடயமும் பூவேலையும் டச்சு எழுத்தும், நேற்றுச் செதுக்கியது போலக் கூர்மை மழுங்காமல் இருக்கின்றன. வாசலின் இரு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு. பெரியப்பா காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் பாதி இறக்கினார்.

"சுடுகாட்டுக்கா கூட்டிட்டு வந்தே? வீட்டுக்குப் போய்த் தலை முழுகணும்டா."

இதே பெரியப்பா ஆம்ஸ்டர்டாமின் பழைய மாதாகோயிலுக்குள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போனவர். அந்தக் கோயிலின் தரை முழுக்கக் கல்லறைப் பலகை. அதன்மேல் வெள்ளை ஷூவோடு நின்று பெரியம்மாவை அணைத்தபடி எடுத்த படம் எங்கள் குழுவில் இருக்கிறது. அன்றைக்கு அவர் குளித்தாரா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அந்தக் குளிர்லயா?" என்றார்.

அடுத்தது கோட்டை. உண்மையைச் சொல்ல வேண்டும், கோட்டை என்று அங்கே இப்போது காட்ட எதுவுமில்லை. மேடும் பள்ளமும் அகழியின் தடமும் வேலிகாத்தான் முள்ளும்தான். பெரியப்பாவின் முகத்தில் ஒரு திருப்தி படர்ந்தது. தான் சொன்னதெல்லாம் சரிதான் என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்ட திருப்தி. "பாத்தியா, அங்கெல்லாம்..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, இந்த இடத்தில் வெடிமருந்து ஆலை இருந்ததையும், பஞ்ச காலங்களில் சோறில்லாமல் விற்கப்பட்டவர்கள் உட்பட ஆயிரக்கணக்கான மனிதர்களை இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் படாவியாவுக்குக் கப்பலேற்றியதையும் சொன்னேன். பேச்சு நின்றது. கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வகைப் பெரியப்பாக்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏரிக்கரைக்கு வந்தோம். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூடை கூடையாய் இறால், மடவை, கிழங்கான், கால் கட்டிய நண்டு. பெரியப்பா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். ஆல்ஸ்மீர் பூ ஏலத்தைப் பார்க்க இருட்டோடு எழுந்து பஸ் பிடித்துப் போனவர் இவர். அங்கே கடிகார முள்ளோடு விலை இறங்கிக்கொண்டே வரும், முதலில் பொத்தானை அமுக்கியவனுக்குப் பூ. இங்கே விலை ஏறும், உரக்கக் கத்தியவருக்கு மீன். வேறுபாடு அவ்வளவே. தவிர, அதே ஊரில் தெருக்கடையில் வாலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பச்சை ஹெர்ரிங் மீனை வெங்காயத்தோடு விழுங்கிவிட்டு "டேஸ்ட்டே தனி" என்று அறிவித்த வாய்தான் இது.

"இன்னா சார், நாத்தமா?" என்று கேட்டார் கூடைக்காரம்மா. "துட்டு நாத்தம் சார் அது. நண்டு போட்டுக் குடுக்கவா?"

படகில் போகலாமா என்றார் பெரியப்பா. கால்வாய் உலா போன ஞாபகம். பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய் இந்த ஏரியைத் தொட்டுக்கொண்டு போகிறது, அதுவும் ஒரு காலத்தில் நெல்லும் விறகும் போன நீர்வழிதான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த கோட்டைக்குப்பத்துப் பெரியவர் தலையசைத்து மறுத்தார். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப்பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். அதிலிருந்து உல்லாசப் படகுக்குத் தடை. "மீன் புடிக்கிற படகு சார் இது. ஆளு ஏத்த மாட்டோம்" என்றவர், பெரியப்பா முகம் வாடியதைப் பார்த்து, வேண்டுமானால் பாடு பற்றிச் சொல்கிறேன் என்றார்.

ஏரியில் யார், எந்த இடத்தில், என்றைக்கு வலை கட்டுவது என்பதைப் பட்டினவர் குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. இன்றைக்கு உனக்கு வாய்த்தது அடுத்த முறை மற்றவனுக்கு. பெரியப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, உத்தியோகக் காலத்துக் குரலில், "இதுக்கு ஜி.ஓ. நம்பர் என்ன?" என்றார்.

"ஜி.ஓ. போடுறவங்க வர்றதுக்கு முன்னாடியே இது இருக்கு சார்."

ஹாலந்தில் தண்ணீரைப் பங்கிட்டு நிர்வகிக்க ஊர்க்காரர்களே 13ஆம் நூற்றாண்டிலிருந்து வாரியம் வைத்திருப்பதை மருமகன் சொல்லிக் கேட்டு இவர் ஒரு வாரம் புல்லரித்துக் கிடந்தார். இங்கே புல்லரிக்கவில்லை. வெயில் என்றார். டீ என்றார். அரை கிலோமீட்டரில் டீக்கடை. "ஆட்டோ கிடைக்குமா பாரு."

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். அறுபதைத் தாண்டியவர்கள். வெயிலில் சிவந்து, தோளில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, கல்லறைத் தோட்டத்துப் பக்கமிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். சிதிலத்தையும் விடவில்லை, சுவரில் காய்ந்த வறட்டியையும் விடவில்லை, எல்லாவற்றையும் படமெடுத்தார்கள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இவர் அந்த ஊர்ப் பெரியப்பா. சொந்த ஊரில் காய்கறி வாங்கக் கார் எடுப்பவராகத்தான் இருக்க வேண்டும்.

"வேர் ஃப்ரம்?" என்றார் எங்கள் பெரியப்பா.

"ஹாலந்து."

மூட்டு வளர்ந்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில், இந்திய மண்ணிலேயே, என் கண் முன்னால்.

"கம், கம்" என்று முன்னால் நடக்கத் தொடங்கினார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் காரில் ஒப்பித்ததெல்லாம் அவருடைய பரம்பரைச் சொத்தாகிவிட்டிருந்தது. 1613 என்றார். கெல்ட்ரியா என்பது உங்கள் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர், தெரியுமோ என்றார். அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் தெரியாதது போலக் கேட்டுக்கொண்டார்கள். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்கு நடத்திக்கொண்டு போய், செம்புராங்கல் கட்டடத்தில் விரல் நீளத்துக்குச் செதுக்கிய ராமாயணக் காட்சிகளை அண்ணாந்து பார்க்க வைத்தார். அண்ணாந்தால் அவருக்குக் கழுத்துவலி வரும் என்பது குடும்பத்துக்கே தெரிந்த செய்தி. பள்ளிவாசலின் சூரியக் கடிகாரத்தின் முன்னால் நிறுத்தித் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார். வாசல் திண்ணையில் பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்த முஸ்லிம் அம்மாவிடம் ஒன்றை விலை பேசினார். தனக்காக இல்லை, அவர்களுக்காக. அந்த அம்மாவிடம் பேரம் பேசியது தமிழில், விலை குறைந்ததைப் பெருமையாக அறிவித்தது ஆங்கிலத்தில்.

ரொஜெரியஸ் பாதிரியார் பத்து வருடம் பழவேற்காட்டில் இருந்துகொண்டு, ஒரு பிராமணரின் உதவியோடு பர்த்ருஹரியை டச்சு மொழிக்குக் கொண்டுபோனார், புத்தகம் 1651இல் வெளிவந்தது என்று நான் மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். பெரியப்பா அதை ஒரு வரி கூட்டிச் சொன்னார். அந்த உதவிய மனிதர் ஏதோ எங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு என்பது மாதிரி ஒரு தொனி வந்துவிட்டது.

அடிமைக் கதையை மட்டும் அவர் சொல்லவில்லை. விருந்தாளியிடம் போய் அதை எப்படிச் சொல்வது? அந்தப் பெண்மணியே ஆரம்பித்தார். எங்களுக்குத் தெரியும், எங்கள் அரசர் 2023 ஜூலை முதல் தேதி அடிமை வாணிகத்துக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார் என்றார். பெரியப்பா திகைத்து நின்றார். பிறகு வலது கையை லேசாக உயர்த்தி, "இட்ஸ் ஆல் ரைட், இட்ஸ் ஆல் ரைட்" என்று சோழமண்டலக் கரை முழுவதன் சார்பிலும் மன்னித்துவிட்டார். அந்த அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. ஓய்வு பெறும்போது அவர் துணை இயக்குநர்.

மதியம் கூடைக்காரம்மா வீட்டில் நண்டுக் குழம்பு. டச்சுக்காரர் ஓட்டை உடைக்கத் தெரியாமல் திண்டாடியபோது, பெரியப்பா வாங்கித் தன் கடைவாயில் வைத்து உடைத்துக் கொடுக்கப் போனார். நல்ல வேளை, பெரியம்மா தடுத்தார். கிளம்பும்போது கல்லறைத் தோட்டத்துக்குள் அவரே போய்ப் பலகை பலகையாக நின்று படமெடுத்தார். வீட்டில் தலை முழுகியதாகத் தகவல் இல்லை.

இப்போது அவர் குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு நடை நடத்துகிறார். கூட வருகிற மற்றப் பெரியப்பாக்கள் ஆட்டோ கேட்டால், "நடந்துதான் பாக்கணும் சார், அப்பதான் ஊர் பிடிபடும்" என்று கடிந்துகொள்கிறார். எக்ஸ்ரே படம் பரணுக்குப் போய்விட்டது.

போன கோடையில் மறுபடி மகளிடம் போனார். கால்வாய் உலாப் படகில் வழிகாட்டிப் பெண், இந்த மாளிகைகளெல்லாம் ஆசிய வாணிகத்தில் வந்த செல்வத்தில் கட்டியவை என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பெரியப்பா எழுந்து நின்று கையைத் தூக்கியிருக்கிறார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"ஆசியான்னு பொதுவா சொல்லாதேம்மா. பழவேற்காடு. பொன்னேரியில இறங்கி பஸ் பிடிக்கணும்."