ஒழுக்கமான பிள்ளையை வளர்க்கச் சில எளிய வழிகள்

பிள்ளைக்கு உழைப்பின் அருமையைக் கற்பிக்க உகந்த நேரம் இரவு 11 மணி. அப்போது அது தூங்கியிருக்கும். மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்ற விஷயமே சாப்பாட்டுக்கு அப்புறம்தான் உங்களுக்குத் தெரியவந்திருக்கும். பதற வேண்டாம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஸ்டேஷனரி கடையிலும் தெர்மாகோல், ஃபெவிகால், போஸ்டர் கலர் எல்லாம் தருவார்கள். அப்பா வெட்டட்டும், அம்மா வண்ணம் அடிக்கட்டும். சூரியக் குடும்பம் செய்வதாக இருந்தால் சனியின் வளையத்தைக் கொஞ்சம் கோணலாக ஒட்டுங்கள். ரொம்ப அழகாக இருந்தால் பெரியவர்கள் கை பட்டது தெரிந்துவிடும். தலைப்பு சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்றால் மரத்தையும் தெர்மாகோலிலேயே செய்துவிடலாம். "நானே செஞ்சேன் மிஸ்" என்ற வசனத்தைக் காலையில் ஷூ மாட்டிவிடும்போது சொல்லிக்கொடுத்தால் போதும். மிஸ் நம்பமாட்டார். அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை படிக்கிறது. அவரும் ராத்திரி வெட்டி ஒட்டிவிட்டுத்தான் வந்திருப்பார். பரிசு கிடைத்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'பெருமைமிகு தருணம்' என்று போடுங்கள். பொய்யில்லை, பெருமை உங்களுடையதுதானே.

செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். கேட்டவுடன் எதையும் வாங்கித் தராதீர்கள். கடை வாசலில் விழுந்து புரண்டு அழுத பிறகு வாங்கிக் கொடுங்கள். விடாமுயற்சி இப்படித்தான் கைவரும்.

மனிதர் எல்லோரும் சமம் என்று சொல்லி வளர்ப்பது அவசியம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் காபி எந்த டம்ளரில் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது பிள்ளைக்கே தெரியும்.

சட்டத்தை மதிக்கப் பழக்க ஸ்கூட்டியைப் போல வேறொன்று இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து, "மெயின் ரோடு பக்கம் போகாத, போலீஸ் நிப்பாங்க" என்று எச்சரித்து டியூஷனுக்கு அனுப்புங்கள். லாரியைப் பற்றியெல்லாம் பேசிப் பயமுறுத்தாதீர்கள், பிஞ்சு மனசு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 199ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதைப் படித்த சில பெற்றோர் அவசரப்பட்டுச் சாவியைத் திரும்ப வாங்கி வைத்துவிடுகிறார்கள். கவுன்சிலரின் மச்சானைத் தெரிந்த ஒரு சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் நம்பரைப் பிள்ளையின் போனில் போட்டுக் கொடுங்கள். சொந்தபந்தங்களை மதிக்கவும் கற்றுக்கொடுத்த மாதிரி ஆயிற்று.

எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம் வாய்மை. குறளில் அது 30-ஆவது அதிகாரம். 1330 குறளையும் ஒப்பிக்கும் மாணவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை பரிசும் தருகிறது, ஆகவே மனப்பாடத்தில் குறை வைக்காதீர்கள். ரயிலில் மட்டும் வேண்டாம். 5 வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைக்கு அன்றைக்கு நாலரை வயது. நாலரை வயதுக் குழந்தை அதிகாரம் அதிகாரமாக ஒப்பித்தால் டிடிஆர் கும்பிடுவார் அல்லது கணக்குப் போடுவார். இரண்டுமே ஆபத்து. அவர் வரும்போது காலை மடக்கி மடியில் படுக்க வைத்துவிடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டும் சில பிள்ளைகள் தப்பிப் பிறந்துவிடுகின்றன. டிடிஆர் தன்பாட்டுக்கு அடுத்த சீட்டுக்கு நகரும்போது எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஏழு வயசு அங்கிள், செகண்ட் ஸ்டாண்டர்ட்" என்று சொல்லும். "சும்மா விளையாடுறான் சார்" என்று சிரித்துப் பாருங்கள். எடுபடாவிட்டால் அபராதத்தைக் கட்டிவிட்டு, அவர் போனதும் திட்டத் தொடங்குங்கள். எதுக்குத் திட்டுறீங்க என்று பிள்ளை கேட்கும். பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு கிளம்புவது நல்லது. 'பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத' என்பது இதுவரை பெரும்பாலான குடும்பங்களுக்குக் கைகொடுத்து வருகிறது.