மூன்றாவது வாரத்துக்கு ஒரு சட்டை

"மாமா, அந்தப் பச்சை பாத்தேக் சட்டை இருக்கா?" என்று அக்காள் மகன் நேற்றிரவு பதினொன்றரைக்கு வந்து கேட்டான். பாத்தேக் என்றால் வியாழக்கிழமை. மலேசியாவில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய எவருக்கும் அது ரத்தத்தில் ஊறியது. நாளைக்கு வியாழன்கூட இல்லையே, எங்கே போகிறாய் என்றேன்.

"எங்கேயும் போகல மாமா. மூணாவது வாரத்துக்கு வேணும்."

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. செய்முறைத் திட்டத்தின் வாராந்தரப் பதிவேட்டை விடிந்ததும் அனுப்பியாக வேண்டும். படிப்பது மெக்கட்ரானிக்ஸ். கல்லூரியின் பெயர் எதற்கு, எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான். செமினியில் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். இந்தப் பருவத்துக்குக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ. வெள்ளைப் பலகையில் கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் வண்டி தானாகப் போக வேண்டும். வயிற்றுக்கடியில் அகச்சிவப்பு சென்சார்கள். வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். அதைப் பார்த்து ஆர்டுவினோ இரண்டு மோட்டாரின் வேகத்தையும் கூட்டிக் குறைக்கும். என்னையும் கூட்டிக்கொண்டு காஜாங்கில் எம்ஆர்டி பிடித்து, புடு ஜாலான் பசாருக்குப் போய், சாமான் வாங்கி வந்தான். அந்தக் கடைத்தெருவில் நடக்கும்போது பையன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, சரி, இவன் தேறிவிடுவான் என்று நானும் நம்பினேன்.

தேறினான். வண்டியை மளமளவென்று கட்டி முடித்தான். மேசையைச் சுற்றி ஓடியது. என் மனைவி திருஷ்டி கழித்தாள். அங்கேதான் சிக்கல். ஒரு பருவம் முழுக்கத் தட்டுத்தடுமாறிக் கட்டியதாக அல்லவா பதிவேடு சொல்ல வேண்டும்? வாரத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் படம், படத்தின் கீழே பிரச்சினை, அதன் கீழே தீர்வு. ரோபோ ஓடுவதற்கு உள்ள மதிப்பெண்ணைவிட, ஓடியதை எழுதுவதற்கு உள்ள மதிப்பெண் அதிகம்.

ஆகவே நேற்றிரவு எங்கள் வரவேற்பறையில் காலம் பின்னோக்கி ஓடியது. ஓடிக்கொண்டிருந்த ரோபோவைப் படம் எடுத்தோம்: அது கடைசி வாரம். பிறகு சென்சாரைக் கழற்றினான், சட்டையை மாற்றினான், படம்: அதற்கு முந்தைய வாரம். பிறகு மோட்டார் டிரைவரைக் கழற்றினான், வேறு சட்டை, படம். கல்யாண வீட்டில் கேமராக்காரருக்காகத் தாலியை மறுபடி கட்டச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் பெண்பார்க்கும் படலம்வரை போனதை நேற்றுத்தான் பார்த்தேன்.

சட்டை தீர்ந்ததும் என் அலமாரி. ஆசிரியர் தினத்துக்குக் கொடுத்த டி-சட்டை, தைப்பூசத்துக்கு வாங்கிய மஞ்சள் ஜிப்பா, கடைசியில் பாத்தேக். மூன்றாவது வாரத்தில் அவன் ஏதோ பள்ளித் தலைமையாசிரியர் மாதிரி இருக்கிறான். ஏழாவது வாரத்தில் மோட்டாருக்கு அர்ச்சனை செய்ய வந்தவன் மாதிரி. அடுத்தது தாடி. முதல் வாரத்தில் மழித்த முகம் இருந்தால்தான் பொருந்தும் என்று பாதியில் போய்ச் சவரம் செய்துவிட்டு வந்தான். அடுத்தது சுவரில் தொங்கிய நாள்காட்டி. எல்லாப் படத்திலும் ஒரே தேதி. கிழித்த தாள்கள் குப்பையில் இருக்கின்றனவா என்று மனைவியிடம் கேட்டான். ராகுகாலம் பார்த்து முடிந்த தாளை யாரடா வைத்திருப்பார்கள் என்றாள். நாள்காட்டியின்மேல் துண்டைப் போட்டு மூடினோம். பதிவேட்டைத் திருத்துகிறவர், பருவம் முழுக்க ஒரே துண்டு காய்ந்த வீடு என்று நினைத்துக்கொள்ளட்டும். செமினியில் தண்ணீர் வெட்டு வருவது அவருக்கும் தெரிந்திருக்கும்.

இதில் குழு வேறு. நான்கு பேர். மற்ற மூவரின் பங்களிப்பு வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. ஆனால் படத்தில் கூட்டு முயற்சி தெரிய வேண்டுமாம். எனவே சால்டரிங் கம்பியைப் பிடித்திருப்பது என் கை. மோதிரமும் நரைமயிருமாக. கீழே, 'குழு உறுப்பினர் 2 இணைப்புகளைச் சரிபார்க்கிறார்.'

கேமரா பிடித்ததும் நான்தான். மனத்துக்குள் ஜான் டேனியல்ஸை நினைத்துக்கொண்டேன். 1903 டிசம்பர் 17இல், கிட்டி ஹாக் அருகே மணல்வெளியில் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாக 12 விநாடி பறந்ததைப் படம் பிடித்தவர் அவர். கடலோர மீட்புப் பணியாளர். அதற்குமுன் கேமராவைத் தொட்டதே இல்லை. ஆர்வில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, அமுக்க வேண்டிய ரப்பர்ப் பந்தை அவர் கையில் கொடுத்திருந்தார். பரபரப்பில் அமுக்கினோமா இல்லையா என்றே அவருக்கு நினைவில்லை. ஆனாலும் படம் விழுந்தது. இறக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் வில்பரை, சட்டையை மாற்றிக்கொண்டு இன்னொரு தரம் ஓடிவா என்று யாரும் சொல்லவில்லை.

எழுதிவைப்பதையே குறைசொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். 1947 செப்டம்பர் 9இல், ஹார்வர்டின் மார்க் 2 கணினி மக்கர் செய்தது. கோளாறைப் 'பக்', அதாவது பூச்சி, என்பது பொறியாளர் வழக்கு. திறந்து பார்த்தால் ரிலேக்குள் ஒரு விட்டில்பூச்சி. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நிஜமாகவே பூச்சி அகப்பட்டது இதுதான் முதல்முறை என்ற பொருளில் கீழே ஒரு வரி எழுதினார்கள். தீர்ந்தது. அந்தப் பக்கம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைக்கு அதே பக்கத்தைக் கொடுத்தால் சிவப்பு மையில் என்ன வரும்? 'பூச்சியிடமிருந்து கற்றுக்கொண்டது என்ன? குழுவாகச் செயல்பட்டீர்களா? அடுத்தமுறை எப்படி மேம்படுத்துவீர்கள்?'

நம் கணித மேதை ராமானுஜன் பாடு இன்னும் மோசம். காகிதம் விலை என்று சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதியவர். இடைப்பட்ட வழிமுறையை நிரப்பவே புரூஸ் பெர்ன்ட் போன்ற கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. வாராந்தரப் பதிவு இல்லை, படம் இல்லை, வழிமுறை காட்டவில்லை. மறுமுறை சமர்ப்பிக்கவும். அவர் கொஞ்சம் விளக்கமாக எழுதியிருந்தால் உலகத்துக்கு நல்லதாகப் போயிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அது வேறு விஷயம். இப்போது அதைப் பேச வேண்டாம்.

உண்மையில் என்னைக் கடிப்பது பதிவின் கடைசிக் கட்டம். சிந்தனை மீட்சி, அதாவது செய்ததைத் திரும்பிப் பார்த்து எழுதுவது. பணிக்காலம் முழுக்க நாள் பாடத்திட்டத்தின் அடியில் இதை எழுதி எழுதியே விரல் காய்த்தது. '30 மாணவர்களில் 25 பேர் இன்றைய நோக்கத்தை அடைந்தனர். 5 பேருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது.' வெயிலடித்தாலும் இதுதான், மழை பெய்து திடல் மூழ்கினாலும் இதுதான். அந்த ஐந்து பேர் யார் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆண்டு முழுக்க ஒரே ஐந்து பேர்தான் என்று சொல்லியிருப்பேன். அவர்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க உதவ, எழுதிய நேரம் போக மிச்சம் இருந்திருக்க வேண்டும். 2021இல் ஆரம்பப்பள்ளியின் யூபிஎஸ்ஆர் தேர்வு போனது. 2022இல் இடைநிலைப்பள்ளியின் பிடி3 தேர்வும் போனது. பிள்ளைகளுக்கு இனிப் பாரம் குறையும் என்று பேசிக்கொண்டார்கள். பாரம் இறங்கி, கோப்புக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இவனுடைய சிந்தனை மீட்சியை எப்போது எழுதப்போகிறான் என்று எட்டிப் பார்த்தேன். கணினித் திரையில் எழுத்துகள் தானாக ஓடிக்கொண்டிருந்தன. இவன் மைலோ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"சாட்ஜிபிடி மாமா. நான் என்ன உணர்ந்தேன்னு அது எழுதுது."

தொடக்கத்தில் மனம் தளர்ந்தானாம், பிறகு விடாமுயற்சியின் மேன்மையை உணர்ந்தானாம். பன்னிரண்டு வாரமும் உணர்ந்திருக்கிறான்.

இதற்கு ஒரு மாற்றுவழி இருக்கிறது. மிக எளிது, செலவில்லாதது, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே தொடங்கினேன். ஆனால் அதற்குள் சாட்சிக் கையெழுத்துக்காக என் முன்னால் தாளை நீட்டிவிட்டான்.

இந்தச் சாட்சிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் காப்புரிமை, முதலில் கண்டுபிடித்தவருக்குத்தான் என்று சட்டம் இருந்தது. யார் முதலில் என்று நீதிமன்றத்தில் காட்ட, ஆய்வகக் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டு, படித்துப் புரிந்துகொண்டேன் என்று இன்னொருவர் கையெழுத்திடுவார். 2013 மார்ச் 16இல் சட்டம் மாறி, முதலில் விண்ணப்பிப்பவருக்கே உரிமை என்றானது. காரணம் போய்விட்டது, கட்டம் போகவில்லை; செமினிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கழற்றிய ரோபோவை விடியற்காலையில் மறுபடி பூட்டினான். இப்போது அது இடப்பக்கம் மட்டுமே திரும்புகிறது. ஒரே இடத்தில் வட்டமடிக்கிறது. பார்க்க நேரமில்லை மாமா, பதிவேட்டில் ஓடுது, அது போதும் என்றான். குழுவின் மற்ற மூவரும் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினார்கள். கையெழுத்துக்குக் கீழே 'சாட்சியின் கருத்து' என்று இன்னொரு கட்டம். காலியாக விட்டால் மதிப்பெண் குறையுமாம். பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தேன்:

'4 உறுப்பினர்களில் 1 உறுப்பினர் நோக்கத்தை அடைந்தார். ஏனைய மூவருக்கும் ரோபோவுக்கும் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்படும்.'